கையடக்க விளையாட்டின் தந்தை குன்பெய் யோகோய்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

கல்லூரி மலர் என்றால் அதில் ஓர் அறிஞரின் வாழ்க்கை வரலாறு இருக்கும். நியூட்டனும் எடிசனும் சர் சி.வி. இராமனும் மாணவர்களின் பேனாவில் ஆண்டுதோறும் மறுபிறவி எடுப்பார்கள். அவர்களைப் பற்றி எழுதுவதில் பெருமை உண்டு. ஆனால் இம்முறை அந்த வரிசையில் நிற்காத ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். அவர் எந்த விதியையும் கண்டறியவில்லை. எந்தச் சமன்பாட்டுக்கும் அவர் பெயர் இல்லை. நோபல் பரிசின் வாசலை அவர் மிதித்ததில்லை. அவர் செய்தவை எல்லாம் விளையாட்டுப் பொருள்கள். எனினும் உலகில் கோடிக்கணக்கான மனிதர்களின் கட்டைவிரல்கள் அவர் வகுத்த வழியில்தான் இன்றும் அசைகின்றன.

அவர் பெயர் குன்பெய் யோகோய். ஜப்பான் நாட்டவர். சீட்டுக்கட்டுத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் வாழ்க்கையைத் தொடங்கியவர். அவர் வரலாற்றைப் படித்தபோது என்னை முதலில் ஈர்த்தது அந்தப் பராமரிப்பு வேலைதான். அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பிறப்பும் கல்வியும்

யோகோய் 1941ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவில் பிறந்தார். அந்நகரிலேயே உள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் பயின்று பட்டம் பெற்றார். கைவேலையில் மிகுந்த ஆர்வம் கொண்டிருந்தாரே தவிர, வகுப்பில் முதலிடம் பெறும் மாணவராக அவர் இருக்கவில்லை. பட்டம் பெற்றதும் பெரிய மின்னணு நிறுவனங்களில் வேலை தேடினார், கிடைக்கவில்லை. நண்பர்கள் பெயர்பெற்ற நிறுவனங்களுக்குச் சென்றுவிட, இவர் வீட்டுக்கு அருகிலேயே இருந்த ஒரு நிறுவனத்தில் 1965இல் சேர்ந்தார். அதுதான் நின்டெண்டோ.

இன்று நின்டெண்டோ என்றால் உலகமே அறியும். அன்று அது சீட்டுக்கட்டு செய்யும் நிறுவனம். 1889ஆம் ஆண்டு ஃபுசாஜிரோ யமவுச்சி என்பவர் கியோட்டோவில் தொடங்கியது. மலர்கள் வரையப்பட்ட ஹனாஃபுடா என்னும் ஜப்பானியச் சீட்டுகளை அது செய்து விற்றது. 1949 முதல் அவருடைய வழிவந்த ஹிரோஷி யமவுச்சி தலைவராக இருந்தார். 1960களில் சீட்டு விற்பனை சரியத் தொடங்கியது. வாடகைக் கார் ஓட்டிப் பார்த்தார்கள், உடனடிச் சோறு விற்றுப் பார்த்தார்கள், ஒன்றும் நிலைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் யோகோய் உள்ளே நுழைந்தார். சீட்டுகளை உற்பத்தி செய்யும் இயந்திரங்களைச் சரிபார்ப்பதும் பழுது நீக்குவதும் அவர் வேலை.

நீளும் கை

இயந்திரங்கள் ஒழுங்காக ஓடும்போது பராமரிப்பாளருக்கு வேலை இராது. ஓய்ந்திருந்த நேரத்தில் யோகோய் தம் பொழுதுபோக்குக்காக ஒரு பொம்மை செய்தார். குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகளைக் கத்தரிக்கோல்போல் இணைத்து, பிடியை அழுத்தினால் நீண்டு சென்று எட்டாத பொருளைப் பற்றும் ஒரு செயற்கைக் கை அது. 1966இல் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்த தலைவர் யமவுச்சியின் கண்ணில் அது பட்டுவிட்டது. தலைவரின் அறைக்கு வருமாறு அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் விளையாடியதற்குக் கண்டனம் காத்திருக்கிறது என்று எண்ணியே யோகோய் சென்றார். ஆனால் கிடைத்ததோ வேறு. அந்தப் பொம்மையையே விற்பனைப் பொருளாக்கித் தருமாறு தலைவர் பணித்தார்.

அல்ட்ரா ஹேண்ட் என்னும் பெயரில் அது அவ்வாண்டே கடைக்கு வந்தது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. இயந்திரப் பராமரிப்பாளர் அன்றோடு விளையாட்டுப் பொருள் வடிவமைப்பாளர் ஆனார்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கையில் புதிய அறிவியல் ஏதும் இல்லை. நெம்புகோல் தத்துவம் ஆர்க்கிமிடீஸ் காலத்தது. நெம்புகோலை அறிந்தவர் பலர். அதைக் கொண்டு ஒரு குழந்தையைச் சிரிக்க வைக்கலாம் என்று எண்ணியவர் சிலரே.

ஆய்வுக்கூடமும் பொம்மைக் கடையும்

அடுத்த பத்தாண்டுகளில் யோகோய் செய்தவற்றைப் பார்த்தால் நம் செய்முறைத் தேர்வுப் பட்டியலைப் பார்ப்பதுபோல் இருக்கும். 1969இல் வந்த லவ் டெஸ்டர் என்னும் கருவியை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு மின்வாயைப் பற்றிக்கொண்டு, மற்றக் கையால் ஒருவர் கையை ஒருவர் பிடித்தால், அவர்கள் காதல் எவ்வளவு என்று முள் காட்டும். உண்மையில் அது அளந்தது இருவர் உடல் வழியாகப் பாயும் மிகச் சிறிய மின்னோட்டத்தை. நாம் ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்தும் கால்வனாமீட்டரே காதல் அளக்கும் கருவியாக வேடமிட்டு வந்தது எனலாம். கை வியர்த்தால் மின்தடை குறையும், முள் ஏறும். காதலர் கை வியர்ப்பது இயல்புதானே!

1970இல் ஒளித் துப்பாக்கி வந்தது. சூரிய மின்கலம் என்றால் மின்சாரம் தயாரிப்பது என்றே எல்லாரும் எண்ணியிருந்த காலம். ஒளி பட்டால் மின்னோட்டம் தரும் பொருள், ஒளி பட்டதா இல்லையா என்று சொல்லவும் வல்லது அல்லவா? யோகோய் அதனைக் குறிபார்க்கும் இலக்கில் பொருத்தினார். துப்பாக்கியிலிருந்து ஓர் ஒளிக்கீற்று பாயும். சரியாகப் பட்டால் இலக்கு அசையும். இந்த முயற்சியில் ஷார்ப் நிறுவனத்திலிருந்து உடன் உழைத்தவர் மசாயுகி உவேமுரா. அவர் பின்னர் நின்டெண்டோவிலேயே சேர்ந்து, புகழ்பெற்ற ஃபேமிகாம் என்னும் தொலைக்காட்சி விளையாட்டுப் பொறியை வடிவமைத்தார்.

1972இல் வந்த லெஃப்டி ஆர்.எக்ஸ். என்னும் கார் இன்னும் வேடிக்கையானது. வானொலி அலையால் இயக்கும் பொம்மைக் கார்கள் அன்று மிகுந்த விலை. விலையைக் குறைக்க என்ன செய்வது? யோகோய் செய்தது இடப்பக்கம் மட்டுமே திரும்பும் கார். வலப்பக்கம் திரும்பத் தேவையான உறுப்புகளை எல்லாம் நீக்கிவிட்டார். வட்டப் பாதையில் பந்தயம் ஓடுவதற்கு ஒரு பக்கம் திரும்பினால் போதாதா? விலை குறைந்தது, சிறுவர்கள் கைக்கு எட்டியது.

எல்லாம் வெற்றியாகவே அமைந்துவிடவில்லை. ஒளித் துப்பாக்கியைப் பெரிதாக்கி, 1973இல் பெரிய அரங்குகளில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டாக்கினார்கள். அவ்வாண்டின் இறுதியில் எண்ணெய் நெருக்கடி வந்தது. வந்த வேலைகள் எல்லாம் கைவிடப்பட்டன. நிறுவனம் கடனில் மூழ்கியது. அந்தக் கடனிலிருந்து மீளப் பல ஆண்டுகள் ஆயின.

ரயிலில் கண்ட காட்சி

1970களின் இறுதி. புல்லட் ரயிலில் பயணம் செய்துகொண்டிருந்தார் யோகோய். எதிரே அலுவலகம் செல்பவர் ஒருவர். பொழுது போகவில்லை. கையிலிருந்த சிறு கால்குலேட்டரை எடுத்துப் பொத்தான்களை வெறுமனே தட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியை அன்று ஆயிரம் பேர் கண்டிருப்பார்கள். யோகோய் மட்டும் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். பெரியவர் ஒருவர் பிறர் கண்ணில் படாமல், மடியில் வைத்த கைகளுக்குள்ளேயே விளையாடக்கூடிய கருவி ஒன்று இருந்தால் என்ன?

தலைவரின் கார் ஓட்டுநர் வராத ஒருநாள் யோகோய் அந்தக் காரை ஓட்ட நேர்ந்தது என்றும், வழியில் பேச்சுவாக்கில் இந்த எண்ணத்தைச் சொன்னார் என்றும் கூறுவர். தலைவர் கேட்டுக்கொண்டாரே தவிர ஏதும் சொல்லவில்லை. ஆனால் சில நாட்களில் ஷார்ப் நிறுவனத்தின் உயர் அதிகாரிகள் யோகோயைத் தேடி வந்துவிட்டார்கள். கால்குலேட்டர் விலைப் போட்டியில் ஷார்ப் நிறுவனமும் கேசியோ நிறுவனமும் கடுமையாக மோதிக்கொண்டிருந்த காலம் அது. திரவப் படிகத் திரைகளுக்குப் புதிய பயன் ஒன்று ஷார்ப்புக்கும் தேவைப்பட்டது.

கால்குலேட்டரில் 8 என்ற எண் எப்படித் தோன்றுகிறது? ஏழு சிறு கோடுகள் முன்னரே அங்கு அமைக்கப்பட்டுள்ளன. வேண்டியவற்றுக்கு மட்டும் மின்னழுத்தம் கொடுத்தால் வேண்டிய எண் தெரியும். யோகோய் கோடுகளுக்குப் பதிலாக மனித உருவங்களையும் பந்துகளையும் அமைத்தார். ஒன்றன்பின் ஒன்றாக அவை தோன்றி மறையும்போது பந்து பறப்பதாகக் கண் நம்பும். அவ்வளவுதான் உத்தி. 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் பால் என்னும் முதல் கருவி வெளிவந்தது. ஓர் உருவம் பந்துகளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும். தவறவிட்டால் ஆட்டம் முடியும். விளையாடாத நேரத்தில் அது மணி காட்டும். ஆகவே இந்த வரிசைக்கு கேம் அண்ட் வாட்ச் என்று பெயர்.

இதில் இயற்பியல் மாணவர்களாகிய நமக்கு இனிக்கும் செய்தி ஒன்று உண்டு. கருவியை மெல்லியதாகச் செய்தபோது திரையின் மேல் வண்ண வளையங்கள் தோன்றிப் படத்தைக் கெடுத்தன. அவை வேறொன்றும் அல்ல, நியூட்டன் வளையங்கள். சோடியம் விளக்கின் கீழ், கண்ணாடித் தகட்டின் மேல் வில்லையை வைத்து, நுண்ணோக்கியில் கண் வலிக்க வலிக்க நாம் எண்ணுகிறோமே, அதே வளையங்கள்! இரு பரப்புகளுக்கு இடையே மிக மெல்லிய காற்றுப்படலம் இருந்தால் அவை வந்துதான் தீரும். பரப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுகளை அமைத்து, இரு பரப்புகளும் ஒட்டாமல் இருக்கச் செய்து அவர்கள் அதைத் தீர்த்தார்கள். வளையங்களை வரவழைத்து நாம் மதிப்பெண் வாங்குகிறோம். வளையங்களை விரட்டி அவர்கள் வாழ்ந்தார்கள்.

கேம் அண்ட் வாட்ச் கருவிகள் உலகெங்கும் 4 கோடியே 34 லட்சம் விற்றன. நிறுவனத்தின் கடன் தீர்ந்தது.

கூட்டல் குறிப் பொத்தான்

1981இல் நின்டெண்டோவுக்கு வேறொரு சிக்கல். அமெரிக்காவுக்கு அனுப்பிய ரேடார் ஸ்கோப் என்னும் காசு போட்டு ஆடும் பொறிகள் விற்காமல் தேங்கிக் கிடந்தன. அவற்றில் புதிய ஆட்டம் ஒன்றை ஏற்ற வேண்டும். அப்பொறுப்பு ஷிகெரு மியாமோட்டோ என்னும் இளம் ஓவியரிடம் தரப்பட்டது; மேற்பார்வையிட்டு வழிநடத்தியவர் யோகோய். அப்படிப் பிறந்ததுதான் டாங்கி காங். அதில் ஏணி ஏறிய சிறு மனிதனே பின்னாளில் உலகப் புகழ்பெற்ற மாரியோ.

அதே ஆட்டத்தை அடுத்த ஆண்டு கேம் அண்ட் வாட்ச் கருவிக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. மேலே ஏற வேண்டும், கீழே இறங்க வேண்டும், இடமும் வலமும் ஓட வேண்டும். பெரிய பொறிகளில் இதற்கெல்லாம் ஒரு குச்சி இருக்கும். புத்தகம்போல் மடிக்கும் சிறு கருவியில் குச்சிக்கு ஏது இடம்? யோகோய் கூட்டல் குறி வடிவில் ஒரே பொத்தானை அமைத்தார். நடுவில் ஒரு தாங்கி. எந்தக் கையை அழுத்தினாலும் அந்தப் பக்கம் சாயும். பார்வை திரையில் இருக்க, கட்டைவிரல் தானாகவே திசையை உணரும். அடுத்த ஆண்டே அது ஃபேமிகாமின் கைப்பிடிக்குச் சென்றது. பின்னர் ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் அதை ஏதேனும் ஒரு வடிவில் ஏற்றுக்கொண்டன. கட்டைவிரல் அளவே உள்ள அந்தப் பிளாஸ்டிக் துண்டுக்காக 2007இல் நின்டெண்டோவுக்கு அமெரிக்காவின் தொழில்நுட்ப எம்மி விருது கிடைத்தது. அதைப் பார்க்க யோகோய் இல்லை.

கேம் பாய்

கேம் அண்ட் வாட்ச் கருவியில் ஒரு குறை. ஒரு கருவியில் ஓர் ஆட்டம்தான். அலுத்துவிட்டால் வேறு கருவி வாங்க வேண்டும். ஆட்டத்தை மட்டும் மாற்றக்கூடிய கையடக்கக் கருவி ஒன்றைச் செய்ய யோகோயின் பிரிவு முனைந்தது. அவருடன் உழைத்தவர்களில் முதன்மையானவர் சதோரு ஒக்காடா. யோகோய் எளிய, மலிவான கருவியை விரும்பினார். ஒக்காடா பல ஆண்டுகள் நிலைக்கக்கூடிய ஆற்றல் மிக்க கருவியை விரும்பினார். அந்த இழுபறியில் விளைந்த நன்மைதான் கேம் பாய். 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் 12,500 யென் விலையில் ஜப்பானில் வெளிவந்தது.

அதன் உள்ளே என்ன இருந்தது? வினாடிக்கு சுமார் 42 லட்சம் துடிப்புகள் கொண்ட ஒரு 8 பிட் செயலி. வேலை செய்ய 8 கிலோபைட் நினைவகம். நம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே இதைப்போல் நூறு மடங்குக்கு மேல் இடம் வேண்டும். திரையில் அகலத்தில் 160 புள்ளிகள், உயரத்தில் 144. வண்ணம் இல்லை, பாசிப் பச்சைத் திரையில் நான்கு சாயல்கள் மட்டும். திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லை. 1989ஆம் ஆண்டின் அளவுகோலிலும் இது பழைய சரக்குதான்.

அந்தத் திரையும் எளிதில் அமைந்துவிடவில்லை. முதலில் தேர்ந்த திரை நேராகப் பார்த்தால்தான் தெரிந்தது. சற்றுச் சாய்த்தால் மங்கியது. இதை விற்க முடியாது என்று தலைவர் கைவிரித்தார். உற்பத்திக்கு ஏற்பாடாகிவிட்ட நேரம். யோகோய் உணவும் உறக்கமும் இன்றித் தவித்தார். இறுதியில் வேறு வகைத் திரவப் படிகத் திரையைப் பொருத்திய பிறகே மூச்சு வந்தது.

போட்டியாளர்கள் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டு அட்டாரி லிங்க்ஸ் வந்தது. மறு ஆண்டு சேகா கேம் கியர் வந்தது. இரண்டிலும் வண்ணத் திரை, பின்னால் விளக்கு. பார்ப்பவர் கண்ணைப் பறித்தன. ஆனால் அவை ஆறு பென்சில் பேட்டரிகளை விழுங்கின. அவையும் ஐந்து மணி நேரத்தைத் தாண்டுவது அரிது. கேம் பாய் நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. விலையும் குறைவு, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. பேட்டரி வாங்கக் காசு கேட்டு நிற்கும் சிறுவனுக்கு எது உகந்தது என்று யோகோய் அறிந்திருந்தார்.

வண்ணம் இல்லையே என்ற குறையைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து இருந்தது. பலகையில் இரண்டு வட்டங்களை வரைந்து பனிமனிதன் என்று சொன்னால் போதும், பார்ப்பவர் மனம் வெண்பனியைக் கண்டுவிடும் என்பது அவர் எண்ணம். நமக்குப் பனிமனிதன் பழக்கமில்லை. ஆனால் பழைய கறுப்பு வெள்ளைத் திரைப்படத்தில் நெல்வயலைக் காணும்போது அது நமக்குப் பச்சையாகத் தோன்றுவதில்லையா?

மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் என்னும் கணினி அறிஞர் உருவாக்கிய டெட்ரிஸ் ஆட்டம் கேம் பாயுடன் சேர்ந்ததும் அதன் புகழ் எல்லை கடந்தது. விழும் கட்டைகளை அடுக்கும் அந்த ஆட்டம் கேம் பாயில் மட்டும் 3 கோடியே 50 லட்சம் பிரதிகள் விற்றது. 1993இல் ரஷ்ய விண்வெளி வீரர் அலெக்சாண்டர் செரெப்ரோவ் அதை விண்வெளிக்கே எடுத்துச் சென்று ஆடினார். நம்மூர்த் திருவிழாக் கடைகளில் தொங்கிய கட்டை அடுக்கும் கேம் கருவிகளை நாம் அறிவோம். அவற்றுக்கும் கேம் பாய்க்கும் உறவில்லை. ஆயினும் அவற்றின் மூதாதை இதே டெட்ரிஸ்தான்.

கேம் பாயும் அதன் பின்வந்த வண்ணக் கேம் பாயும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சத்துக்கும் மேல் விற்றன.

முற்றிய தொழில்நுட்பம்

யோகோய் தம் வழிமுறைக்கு ஒரு பெயர் இட்டிருந்தார். தமிழில் சொன்னால், வாடி முற்றிய தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் சிந்திப்பது. புதிதாக வந்த தொழில்நுட்பம் விலை மிகுந்தது. அதன் குறைகள் யாருக்கும் முழுதாகத் தெரியாது. பல ஆண்டுகள் புழங்கிய தொழில்நுட்பமோ மலிவானது. அதன் பலமும் பலவீனமும் எல்லாரும் அறிந்தவை. அதை எடுத்து, இதுவரை எவரும் வைக்காத இடத்தில் வை என்பதே அவர் கொள்கை. நீளும் கை, காதல் அளக்கும் முள், இடப்பக்கம் மட்டும் திரும்பும் கார், கால்குலேட்டர் திரையில் ஆடும் பொம்மை, வண்ணமற்ற கேம் பாய் - அனைத்தும் இந்த ஒரே நூலில் கோத்த மணிகள்.

வீழ்ச்சி

கோத்த நூல் ஒருமுறை அறுந்தது. 1995ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் வெர்ச்சுவல் பாய் வெளிவந்தது. இரு கண்களையும் கருவிக்குள் பதித்துப் பார்த்தால் முப்பரிமாணக் காட்சி தெரியும். சிவப்பு ஒளி உமிழ் டையோடுகளின் ஒற்றை வரிசை. அதன் எதிரே வேகமாக அசையும் ஓர் ஆடி. கண்ணின் பார்வை நீட்டிப்பால் அந்த ஒற்றை வரிசையே முழுப் படமாக விரிந்தது. அறிவியலாகப் பார்த்தால் அழகு; விளையாட்டாகப் பார்த்தால் துன்பம். எங்கும் சிவப்பு. தலையில் மாட்ட முடியாமல் மேசையில் வைத்துக் குனிந்து பார்க்க வேண்டும். கண் வலி, கழுத்து வலி, தலைவலி என்று முறையிட்டார்கள். உலகெங்கும் சுமார் 7 லட்சத்து 70 ஆயிரம் மட்டுமே விற்றது. ஓராண்டுக்குள் உற்பத்தி நின்றது.

பழகிய பொருளைப் புதிய இடத்தில் வைத்தவர், இம்முறை பழகாத பொருளைப் பழகாத இடத்தில் வைத்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அடுத்த ஆண்டு ஜூலையில் அளவில் சிறுத்து, தெளிவான திரையுடன் கேம் பாய் பாக்கெட் வந்தது. அவர் அங்கு முடித்துக்கொடுத்த கடைசிப் பணி அது. ஆகஸ்டு மாதம் நின்டெண்டோவை விட்டு விலகினார். முப்பத்தோர் ஆண்டுப் பணி. தோல்வியால் துரத்தப்பட்டார் என்று பலர் எழுதினார்கள். அவர் அதை மறுத்தார்.

இறுதிப் பயணம்

கியோட்டோவிலேயே கோட்டோ என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். பண்டாய் நிறுவனத்துக்காகப் புதிய கையடக்கக் கருவி ஒன்றை வடிவமைப்பதில் ஈடுபட்டார். 1997ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் இஷிகாவா மாநில நெடுஞ்சாலையில் அவர் சென்ற கார் முன்னால் சென்ற லாரியுடன் மோதியது. சேதத்தைப் பார்ப்பதற்காகக் காரிலிருந்து இறங்கினார். அவ்வழியே வந்த வேறொரு கார் அவர்மேல் மோதியது. அவருக்கு வயது 56.

அவர் தொடங்கி வைத்த கருவி ஒண்டர்ஸ்வான் என்னும் பெயரில் 1999ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் வெளிவந்தது. விலை 4,800 யென். வண்ணம் இல்லை. ஒரே ஒரு பென்சில் பேட்டரியில் ஓடியது. அவர் கைமுத்திரை அதில் தெளிவாகத் தெரிந்தது. அதற்கென வந்த புதிர் ஆட்டம் ஒன்றுக்கு அவர் நினைவாக குன்பெய் என்றே பெயரிட்டார்கள்.

மறைந்த பின்னும்

2000ஆம் ஆண்டில் ஒண்டர்ஸ்வானுக்கென ஒண்டர்விட்ச் என்னும் தொகுப்பு விற்பனைக்கு வந்தது. அதை வாங்கிய எவரும் தம் வீட்டுக் கணினியில் சி மொழியில் ஆட்டம் எழுதி, கம்பி வழியாக அந்தக் கருவிக்குள் ஏற்றலாம். ஆட்டம் எழுதுவது பெரிய நிறுவனங்களின் தனியுரிமை என்றிருந்த காலத்தில் கதவு சற்றே திறந்தது. போட்டிகள் நடந்தன. ஜட்ஜ்மென்ட் சில்வர்சோர்டு என்னும் ஆட்டம் அப்படி ஒரு போட்டியில் பரிசு பெற்று, 2004இல் கடைக்கே விற்பனைக்கு வந்தது.

கேம் பாய்க்கு அத்தகைய கதவை யாரும் திறந்துவிடவில்லை. ஆர்வலர்கள் தாங்களே அதன் உள்ளமைப்பை ஒவ்வொன்றாக ஆராய்ந்து எழுதி வைத்தார்கள். மொழிமாற்றிகளை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார்கள். 2000ஆம் ஆண்டளவில் சுவீடன் நாட்டவர் ஒருவர் எல்.எஸ்.டி.ஜே. என்னும் மென்பொருளை எழுதி அதை ஓர் இசைக்கருவியாகவே மாற்றினார். 2019இல் வந்த ஜி.பி. ஸ்டுடியோ என்னும் மென்பொருளால், நிரல் எழுதத் தெரியாதவர்களும் கேம் பாய்க்கு ஆட்டம் செய்கிறார்கள். இவ்வகை வீட்டுத் தயாரிப்பு மென்பொருளை ஹோம்ப்ரூ என்பார்கள். நிறுவனங்களின் பழைய ஆட்டங்களைத் திருட்டுத்தனமாகப் படியெடுப்பது வேறு. அது பிறர் உழைப்பு. தானே எழுதுவது வேறு. அது தன் உழைப்பு.

கேம் பாய் இன்னும் வாழ்வதற்குக் காரணம் அதன் எளிமைதான் என்று நினைக்கிறேன். இன்றைய கருவி ஒன்றைத் தனி மனிதர் ஒருவர் முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது. கேம் பாயைப் புரிந்துகொள்ள முடியும். எந்த நினைவிடத்தில் எந்த எண்ணை எழுதினால் திரையில் எது தோன்றும் என்று ஒரு மாணவன் ஒரு விடுமுறைக்குள் கற்றுவிடலாம்.

இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. சென்ற கோடை விடுமுறையில் நண்பரின் பழைய மடிக்கணினியை இரவல் வாங்கி முயன்றேன். மிக எளிய கார்ட்ரிட்ஜில் 32 கிலோபைட்டுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். ஒரு சிறு சதுரம், கூட்டல் குறிப் பொத்தானை அழுத்தினால் நகர வேண்டும். அவ்வளவே என் ஆட்டம். ஒரு வாரம் ஆயிற்று. கேம் பாய் என்னிடம் இல்லை. அதுபோல் நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளில்தான் ஓட்டிப் பார்த்தேன். நள்ளிரவில் அந்தச் சதுரம் இடப்பக்கம் நகர்ந்தபோது வீட்டில் விழித்திருந்தவர் அப்பா ஒருவர்தான்.

அப்பா நூற்பு ஆலையில் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர். இரண்டாம் ஷிப்டு முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதலாண்டில் என் வகுப்பில் தந்தையின் தொழில் என்ன என்று கேட்டபோது, ஆலையில் வேலை என்று மட்டும் சொல்லி அமர்ந்துவிட்டேன். எண்ணெய்க் கறை படிந்த ஸ்பேனரைச் சொல்ல நா எழவில்லை. யோகோயின் வரலாற்றைப் படிக்கும்வரை பராமரிப்பு என்பது படித்தவன் தாண்டிச் செல்ல வேண்டிய வாசற்படி என்றே எண்ணியிருந்தேன். இயந்திரம் எங்கே தேய்கிறது, எது தாங்கும், எது தேவையில்லை என்று அறிவது ஒரு கல்வி. அந்தக் கல்வி இருந்ததால்தான் யோகோயால் கருவியிலிருந்து எதை நீக்கலாம் என்று துணிய முடிந்தது.

நகரும் சதுரத்தை அப்பாவிடம் காட்டினேன். சற்று நேரம் பார்த்தார். அந்தச் சின்னப் பெட்டிக்கு எத்தனை பேட்டரி என்று கேட்டார். நான்கு என்றேன். எவ்வளவு நேரம் தாங்கும் என்றார். சொன்னேன். பரவாயில்லையே என்று சொல்லிக் கை கழுவப் போனார். அந்த இரண்டு கேள்விகளும் அந்தக் கருவியின் உயிர்நாடி என்பது அவருக்குத் தெரியாது. நான் தெரிந்துகொண்டேன்.

முடிவுரை

2003இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் யோகோய்க்கு வாழ்நாள் சாதனை விருது வழங்கப்பட்டது. அப்போது அவர் மறைந்து ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

மாணவ நண்பர்களே! நம் ஆய்வுக்கூடத்தில் உள்ள கருவிகளைப் பார்த்து நாம் குறைபட்டுக்கொள்வதுண்டு. முள் ஒட்டிக்கொள்ளும் கால்வனாமீட்டர், கீறல் விழுந்த வில்லை, நமக்கு முன் பல அணிகள் கையாண்ட மின்தடைப் பெட்டி. புதியவை வேண்டும் என்று கேட்பது நம் உரிமை, கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் அவை வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. பழைய கருவி தன்னைப் பற்றி எதையும் மறைப்பதில்லை. அதைத் திறந்து பார்க்கலாம், முழுதாக அறியலாம், வேறெங்கேனும் வைத்துப் பார்க்கலாம். சீட்டுக்கட்டுத் தொழிற்சாலையின் பராமரிப்பு அறையில் ஒருவர் அதைத்தான் செய்தார்.

இந்த ஆண்டு வகுப்பில் மீண்டும் தந்தையின் தொழிலைக் கேட்டு எழுதினார்கள். ஃபிட்டர், பராமரிப்புப் பிரிவு என்று முழுதாகவே சொன்னேன்.